குடுவைக்கொடியின் ஆறு பருவங்கள்

பொருள் ஒன்றுக்குப் பெயரிடுதல் எளிய செயலன்று. பெயர் பிழைத்தால் பார்வையும் பிழைத்துவிடும். இதற்கு நான் அறிந்த நல்ல எடுத்துக்காட்டு, இலங்கையின் தென்மேற்குக் காடுகளிலே வளரும் ஒரு கொடியாகும். அதன் இலைநுனி கம்பிபோல நீண்டு, கீழ்நோக்கித் தொங்கி, மீண்டும் மேல்நோக்கி வளைந்து, மூடியோடு கூடிய சிறு பாத்திரமாய் முடியும். பாத்திரத்தினுள்ளே நீர் நிற்கும். அந்நீரில் எறும்பும் ஈயும் வீழ்ந்து கரையும். கரைந்தது கொடிக்கு உணவாகும்.

சிங்கள மக்கள் இதனைப் பந்துரா என்பர். மலாய் மக்கள் இதன் இனத்தைச் சேர்ந்தவற்றைக் குரங்குப்பானை என்று பொருள்படத் தம் மொழியில் அழைப்பர். தமிழில் யாது சொல்வது? குவளைச்செடி என்பார் உளர். பழந்தமிழ் பயின்றோர் காதிலே குவளை என்ற சொல் விழுந்தால், சுனையிற் பூக்கும் மலரும் அம்மலரை ஒத்த கண்களுமே நினைவில் எழும். எறும்பைக் கரைக்கும் பாத்திரம் எழாது. கெண்டி என்பாரும் உளர். கெண்டிக்கு மூக்கு வேண்டும், இதற்கு மூக்கில்லை. வயிறு பருத்துக் கழுத்துச் சிறுத்துக் கையடக்கமாய் இருப்பது குடுவை. அச்சொல் பொருந்துகிறது. பற்றிப் படர்வதைச் செடி என்றலும் பொருந்தாது. ஆகவே இதனைக் குடுவைக்கொடி என்றே எழுதுகிறேன். இதனினும் நல்ல பெயரை எவரேனும் சொன்னால் மகிழ்ந்து ஏற்பேன்.

ஏற்க முடியாத பெயர் ஒன்று உண்டு. அது கொலைச்செடி என்பது. சிறுவர் கதைகளிலும் திரைப்படங்களிலும் இக்கொடியின் உறவினர்க்கு இப்பெயரே வாய்த்திருக்கிறது. மூன்றாண்டுகளாக இதனை என் வீட்டு முற்றத்தில் வளர்த்து வருபவன் என்ற உரிமையால், அப்பெயர் ஏன் பொருந்தாது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

மேனாட்டார் இதற்கு முதலில் இட்ட பெயரில் கொலையின் சாயல் இல்லை. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராய் இலங்கையில் இருந்த பால் ஹேர்மன் என்பார் இத்தீவின் செடிகொடிகளைத் திரட்டி உலர்த்திப் பேணினார். பிற்காலத்தில் இலின்னேயசு என்ற சுவீடன் நாட்டுப் பேரறிஞர் இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் நூலெழுதியது அத்திரட்டைக் கொண்டே. அவரே 1737இல் இக்கொடியின் இனத்துக்கு நெப்பந்திசு என்று பெயரிட்டார். ஓமரின் ஒடிசியிலே எலன் மதுவிற் கலந்து கொடுக்கும் துயர்போக்கும் மருந்தின் பெயர் அது. நெடுவழி நடந்து களைத்த தாவரநூலார் ஒருவர் இக்கொடியைக் காண்பாராயின், பட்ட துன்பமெல்லாம் மறப்பார் என்பது இலின்னேயசின் கருத்து. 1753இல் நம் நாட்டுக் கொடிக்கென்று அவர் சேர்த்த சிறப்புப் பெயர் டிஸ்ரிலற்றோரியா. நீரை வடித்து இறக்குவது என்பது அதன் பொருள். இன்று 160க்கு மேற்பட்ட இனங்களாக விரிந்துள்ள இக்குடும்பத்துக்கு மூலமாதிரியாகக் கொள்ளப்படுவது நம் தீவின் கொடியே. 1789இல் சேர் யோசேப் பாங்ஸ் இதனை இலண்டன் அருகேயுள்ள கியூ தோட்டத்துக்குச் சேர்ப்பித்தார்.

1874ஆம் ஆண்டில் இருவகைச் செய்திகள் உலகில் உலாவின. பெல்பாஸ்ற் நகரிற் கூடிய பிரித்தானிய அறிவியற் கழகத்திலே யோசேப் ஹூக்கர், குடுவை நீரில் புரதப் பொருள் செரிக்கின்றது என்பதைத் தம் பரிசோதனைகளைக் கொண்டு விளக்கினார். அதே ஆண்டில் நியூயோர்க் நாளிதழ் ஒன்று, மடகாஸ்கர்த் தீவிலே மனிதரை விழுங்கும் மரம் உண்டென்று முழுப் பொய் ஒன்றை அச்சிட்டது. மறு ஆண்டில் டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலும் வெளிவந்தது. ஆயினும் உண்மை நூலகத்திற் புகுந்தது. பொய் ஊரெல்லாம் சுற்றியது. கொலைச்செடி என்ற பெயருக்கு உரமிட்டவை இத்தகைய கதைகளே.

இனி என் முற்றத்துக் கொடிக்கு வருவோம். என்னிடம் படித்த ஒருவர் களுத்துறைப் பக்கத்திலே ஆசிரியராய் இருக்கிறார். தம் வளவிலே வளர்த்த கொடியில் ஒரு தண்டை வெட்டி வேர்விடச் செய்து, ஈரத்துணியிற் சுற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து தந்தார். ஈரக்காட்டுப் பிள்ளையை வறண்ட நாட்டிலே வளர்ப்பதாயின் முதலில் தண்ணீரைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். நமது நிலத்தின் அடி சுண்ணாம்புக்கல். கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியிலே வெண்மையாய்ப் படிவது அச்சுண்ணாம்பே. புளிப்புத்தன்மையுள்ள ஏழை மண்ணிலே பழகிய இக்கொடியின் வேருக்கு அது ஆகாது. ஆதலால் வீட்டுப் பீலியிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாவிற் சேர்த்து அதையே வார்க்கிறேன். பலமுறை அலசி உப்பு நீக்கிய தும்புத்தூள், பொச்சுத்துண்டு, கரி, சிறிது மணல் ஆகியவையே சாடியில் இட்டவை. எரு இல்லை. மேலே மாமரத்தின் நிழல். தெற்கிலும் மேற்கிலும் கிடுகுத் தட்டி.

தமிழ்நூலார் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாய் வகுத்தனர். அவ்வரிசையிலேயே கொடியின் ஆண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஆவணியும் புரட்டாசியும் கார். பாட்டிலே கார் வந்தால் முல்லை மலரும், தலைவன் தேரேறுவான். யாழ்ப்பாணத்திலோ ஆவணியிற் சோளகக் காற்று இன்னும் ஓயாது. நூற்காரும் ஊர்க்காரும் ஒன்றல்ல. கொடி வந்து சேர்ந்தது இப்பருவத்திலே. வரும்போது இருந்த குடுவைகள் சில நாளிற் கருகின. புதிய இலைகள் வந்தன, அவற்றின் நுனியிலே கடுகளவு மொட்டுத் தோன்றியது, பருக்காமலே காய்ந்தது. இலை பசுமையாய் இருக்கையிலே நுனி மாத்திரம் காய்வது நோயன்று. காற்றில் ஈரமில்லை என்று கொடி கூறும் செய்தி அது.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வாடை புகுந்து மழை இறங்கியது. இரு கிழமைக்குள் நுனிமொட்டுகள் பருக்கத் தொடங்கின. முதலில் தட்டையாய், பின் காற்றூதிய பைபோல் வளர்ந்து, ஒருநாட் காலையில் மூடி திறந்தது. திறக்குமுன்பே உள்ளே நீர் இருந்தது. அஃது மழைநீர் அன்று, கொடி தானே சுரந்தது. மூடி மழையை மறிப்பதற்கு உரியது. பூச்சி புகுந்ததும் மூடிக்கொள்ளும் என்று பலர் எண்ணுவர். அது தவறு. ஒருமுறை திறந்த மூடி மீண்டும் மூடுவதில்லை. இக்கொடி எதையும் பற்றிப் பிடிப்பதில்லை. எதன் பின்னும் அசைவதில்லை.

பின் எறும்பு எங்ஙனம் வீழ்கின்றது? மூடியின் அடியிலும் வாயின் விளிம்பிலும் தேன் சுரக்கும். விளிம்பு நுண்ணிய வரம்புகளால் ஆனது. வெயிலில் அஃது உலர்ந்திருக்கும்போது எறும்புகள் கூட்டமாய் வந்து தேனருந்தித் தீங்கின்றித் திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். மழையாலோ பனியாலோ நனைந்தால், அவ்விளிம்பில் மெல்லிய நீர்ப்படலம் பரவிக் காலூன்ற இடங்கொடாது. நனைந்த விளிம்பே வழுக்குகிறது என்பதை 2004இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது. வழுக்கியது உட்சுவரைப் பற்றினால் அங்கே மெழுகு. அதற்குக் கீழே நீர்.

மார்கழியும் தையும் முன்பனி. கொடியின் செழித்த காலம் இதுவே. நான்கு விரல் நீளமுள்ள குடுவைகள் ஏழு தொங்கின. பச்சையில் செம்மை படர்ந்த நிறம். மார்கழி விடியலிலே பூக்கொய்ய வரும் என் தமக்கையார் ஒருநாள் குனிந்து ஒன்றினுள்ளே பார்த்தார். கறுப்பெறும்புகள் மிதந்தன.

“தம்பி, சைவ வீட்டு முற்றத்திலே இப்படியொன்றை வைத்திருக்கலாமோ?” என்றார்.

“சுவரிலே பல்லி இருக்கிறதே அக்கா. அதை நாம் ஒன்றும் சொல்வதில்லையே” என்றேன்.

“பல்லி தானாக வந்தது. இதை நீ தேடி எடுத்து வைத்திருக்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையோடு உள்ளே போனார்.

அறநூல்களைப் பல ஆண்டு கற்பித்த எனக்கு அச்சொல்லுக்கு உடனே விடை வரவில்லை. கொடி தன் இயல்பால் வாழ்கிறது. அதனை வளர்ப்பவனுக்குப் பொறுப்பு ஏதும் இல்லையா? பல நாள் எண்ணி ஓர் ஒழுங்கை மாத்திரம் வகுத்துக்கொண்டேன். என் கையால் ஒரு பூச்சியையும் குடுவையில் இடுவதில்லை. பிறர் இடவும் விடுவதில்லை. அதற்கு வேண்டியதை அது தானே பெறட்டும், பெறாவிடின் மெலியட்டும். இதனைத் தமக்கையாரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மாசியும் பங்குனியும் பின்பனி. பகலில் வறட்சி, விடியலிற் பனி. முதிர்ந்த குடுவைகள் மேலிருந்து கீழாய்ப் பழுப்பேறின. அவற்றில் ஒன்றை அறுத்துப் பண்டித வகுப்பு மாணவர்க்குக் காட்டினேன். அடியிலே எறும்புத்தலைகளும் முசுறின் கால்களும் சிறகுத் துண்டுகளும் கரியபொடிபோற் கிடந்தன. மென்பகுதி எல்லாம் கரைந்து போய்விட்டது. அப்போது மாணவர் ஒருவர் எழுந்து வினாவினார்: “ஐயா, தொல்காப்பியர் மரபியலிலே புல்லும் மரமும் ஓரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர். ஓரறிவுயிர் மூவறிவுயிரை உண்ணுதல் எங்ஙனம்?”

வகுப்பு சிரித்தது. வினாவோ சிரிப்புக்குரியதன்று. நான் சொன்ன விடை இது: தொல்காப்பியர் உயிர்களை வகுத்தது அறிவின் அளவால், எது எதை உண்ணும் என்பதை அங்கே அவர் சொல்ல வரவில்லை. ஆயினும் அவ்வகுப்பை வைத்துக்கொண்டே குடுவையைப் பாருங்கள். எறும்புக்கு அவர் கூறிய மூன்று அறிவுகள் ஊறு, சுவை, நாற்றம் என்பன. நாற்றம் எறும்பை அழைத்து வருகிறது. சுவை அதனை விளிம்பில் நிறுத்துகிறது. காலின் ஊறு நனைந்த இடத்தில் கைவிடுகிறது. எறும்புக்குக் கண்ணும் உண்டென்பது இன்றைய உயிரியல். என்றாலும் அதனை வீழ்த்துபவை அம்மூன்றுமே. ஓரறிவுயிர் யாதொன்றும் செய்யாமல் நிற்கிறது.

அந்நீரின் இயல்பையும் அன்று சொன்னேன். நம் இரைப்பையில் உள்ள பெப்சினுக்கு உறவான நொதியம் ஒன்று அதில் உண்டு. நெப்பந்திசின் என்பது அதன் பெயர். 2004இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் அத்தாவுடவும் யப்பானிய அறிஞர்களும் அதனைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட நீர் நம் தீவின் குடுவைக்கொடி சுரந்த நீரே. வியப்பு யாதெனில், இத்தகைய நீரிலும் சில நுளம்புகளின் குடம்பிகள் செரியாமல் வாழும். குடுவை சிலவற்றுக்குக் கல்லறை, சிலவற்றுக்குத் தொட்டில்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். வெயில் ஏறியது, மாலையிற் சில நாள் இடியோடு மழை. மூன்றாம் ஆண்டின் இளவேனிலில் கொடி பூத்தது. இதழ் என்று சொல்லத்தக்கது இல்லாத சிறு பூக்கள், கிளைத்த கொத்தாய் நின்றன. இவ்வினத்தில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. என்னுடையது ஆண். துணைக்கொடி அருகில் இல்லாமையால் விதைக்கு இடமில்லை, பூவுதிர்ந்ததோடு முடிந்தது.

கமக்காரரான நண்பர் ஒருவர் கொடியைப் பார்த்து, “வாத்தியார், பயிர் மெலிந்து கிடக்கிறது, கொஞ்சம் உரம் போட்டுப் பாருங்கோ” என்றார். வெட்டி நட்டு வேர்விட்ட இரண்டாவது கொடி என்னிடம் இருந்தது. அதற்கு மாத்திரம், மிகவும் நீர்த்த உரநீரை இடைக்கிடை வார்த்தேன். இலைகள் அகன்று கரும்பச்சையாயின. நண்பர் மகிழ்ந்தார். ஆனால் இலைநுனிகள் பெரும்பாலும் குடுவையாகவில்லை. அருகிருந்த ஏழைக்கொடியோ அதே வெயிலில் மூன்று குடுவைகளைத் திறந்தது. இவ்வினத்தை வளர்ப்போர் பலரும் கண்ட செய்தியே இது. உண்ண உணவு வேரிலே கிடைத்தால் குடுவை செய்யும் செலவைக் கொடி குறைத்துக்கொள்கிறது.

இங்கேதான் கொலைச்செடி என்ற பெயர் அடியோடு சாய்கின்றது. குடுவைக்கொடிக்கும் மற்றைச் செடிகளைப் போலவே பச்சை இலை உண்டு. ஒளியைக் கொண்டு தன் மாப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதற்குக் குறைவது நைதரசனும் பொசுபரசும். அடைமழை அரித்துச் சென்ற வறிய மண்ணிலே அவை அரிது. பூச்சியின் உடலில் அவை உண்டு. வேர் பெறாததை இலை பெறுகிறது. கொடியின் பசி ஊனுக்கு அன்று என்பதற்கு அதன் உறவினரே சான்று. மலாயாவிலும் போர்ணியோவிலும் வளரும் ஆம்புல்லாரியா என்ற இனம் நிலத்தோடு கூட்டமாய்க் குடுவைகளை வைத்து, மூடியை ஒருபுறம் விலக்கி, மேலிருந்து வீழும் சருகுகளை ஏற்றுத் தன் நைதரசனில் ஒரு பகுதியைப் பெறுகிறது. போர்ணியோ மலைகளிலுள்ள லோவியை என்ற இனம், மூடியில் வடியும் இனிப்பை நக்க வரும் மரமூஞ்சூறுகள் குடுவையில் இடும் எச்சத்தால் வாழ்கிறது என்பதை 2009இல் ஆய்வாளர் கண்டனர். சருகு கிடைத்தால் சருகு, எச்சம் கிடைத்தால் எச்சம், எறும்பு கிடைத்தால் எறும்பு. வறுமைக்கு ஏற்ற வழி தேடிய குடும்பம் இது. இதன் மீது கொடுமையை ஏற்றுவது நம் உள்ளத்தின் வேலை.

ஆனியும் ஆடியும் முதுவேனில். சோளகம் முழுவீச்சில் அடித்தது. ஒரு செய்தியை இங்கே கருத வேண்டும். கொடியின் தாய்நிலமான தென்மேற்குச் சரிவுகளிலே இம்மாதங்களில் மழை ஓயாது. அம்மழையைக் கொண்டுவருவதும் இதே தென்மேற்குக் காற்றே. மலையில் முட்டும் இடத்திலே தன் நீரைச் சொரிந்து, தடுக்க மலையில்லாத வடசமதரையிலே அது வறண்டு வீசுகிறது. ஒரே காற்று, தாய்வீட்டில் வாழ்வு, புகுந்த வீட்டில் வாட்டம். கிடுகுத் தட்டியை இரட்டித்தேன்; சாடியைச் சுற்றி நனைத்த சாக்கை விரித்தேன். அவ்வளவே மனிதர் செய்யக்கூடியது. குடுவை ஒன்றுகூட வரவில்லை. இலை மாத்திரம் உயிரோடு நின்றது. இம்மாதங்களிலே விடைத்தாள் திருத்துதற்காகப் பத்து நாள் கொழும்பில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது சாடி ஈரமாயிருந்தது. பீப்பாவின் மழைநீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. வீட்டில் வேறு எவரும் இல்லை. தமக்கையாரிடம் நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆறு பருவங்களில் இரண்டிலே மாத்திரம் முழு அழகோடு நிற்கும் கொடியை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்கலாம். கூதிருக்காக நான்கு பருவம் காத்திருப்பதிலே ஒரு கல்வி உண்டு. இலைநுனியைப் பார்த்துக் காற்றின் ஈரத்தை அறியலாம். கேத்தலின் அடியைப் பார்த்து நிலத்தின் அடியை அறியலாம். பெரும்பொழுது என்று நாம் மனனஞ் செய்யும் பகுப்பு, கண்முன்னே ஓர் இலையில் நடப்பதைக் காணலாம். மாணவர்க்கு இதனினும் மலிவான பாடநூல் எதுவென்று தெரியவில்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள் உண்டு. இக்கட்டுரையைப் படித்து எவரும் காட்டுக்குச் சென்று கொடியைப் பெயர்த்து வாராதிருப்பாராக. வேர் மெல்லியது, பெயர்த்தால் பெரும்பாலும் பிழையாது. நம் குடுவைக்கொடி உலகில் இலங்கையை அன்றி வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. இதன் நெருங்கிய உறவினர் மடகாஸ்கரிலும் சீசெல்சிலும் அசாமுக்கு அருகேயுள்ள காசி மலைகளிலும் தனித்தனியே ஒதுங்கி நிற்கின்றனர். இக்குடும்பத்தின் பழைய கிளைகள் அவை. 1975இல் நடைமுறைக்கு வந்த, அருகிவரும் உயிர்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ், நம் கொடியை உத்தரவின்றி நாடு கடத்துதல் ஆகாது. காசிமலைக் கொடிக்கோ அதனினும் கடுமையான காவல் உண்டு. இவையெல்லாம் கடல் கடக்கும் கொடிக்கு. உள்ளூரிலே காடு தேயிலையாகவும் இறப்பராகவும் வீட்டு நிலமாகவும் மாறும்போது அதனைக் காப்பது அங்கு வாழ்வோரின் மனமே. வளர்க்க விரும்புவோர், வளர்ப்பவரிடம் ஒரு தண்டு கேட்டுப் பெறலாம். என்னிடமும் வேர்விட்ட தண்டு இரண்டு உள. ஐப்பசி மழை தொடங்கியபின் கேட்பவர்க்குத் தருவேன். காண மாத்திரம் விரும்புவோர் சிங்கராஜ வனத்தின் ஓரத்திலோ கன்னெலியக் காட்டிலோ பாதையருகே நின்று பார்க்கலாம். மழை பெய்து விட்ட காலையாய் இருந்தால் நன்று, விளிம்பு நனைந்திருக்கும்.